வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்ற கார்

பாபநாசத்துக்கு அருகே வாய்க்கால் ஓரமாகத் திரும்பும் சாலையில், எதிரே நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் வந்தது. ஒதுங்கப் போய், என் மின்சாரக் கார் அடிப்பாகம் இடிபட்டு மதகுக் கல்லின் மேல் ஏறி நின்றது. பெல்ட் அழுத்தி நெஞ்சு கன்றிப்போனதைத் தவிர எனக்கு ஒன்றுமில்லை. மீட்பு லாரிக்காரர் காரைத் தூக்கிவந்து என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

பக்கத்து வீடு அண்ணனுடையது. அப்பா நான் இருக்கும் இந்த வீட்டை என் பேருக்கு எழுதிவைத்ததிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. அன்று பேசினான்.

"இத இங்க விடாத. அடிபட்ட பேட்டரி வண்டி. என் வைக்கோல் போரு பக்கத்துலதான் இருக்கு."

"நானும் அந்த வண்டிக்குள்ளதாண்ணே இருந்தேன்."

"அதான் நடந்து வர்றியே."

அந்தப் பேச்சைக் கேட்டதும் காரை அங்கிருந்து அசைக்கவே கூடாது என்று எனக்குள் வீம்பு ஏறியது. "உங்க கொட்டாயில டீசல் கேன் அடுக்கியிருக்கீங்களே, அது எரியாதா?" என்றேன்.

"டீசல் வச்ச எடத்துல கெடக்கும். பெட்ரோல் ஒழுகினா நாத்தம் காட்டிக்கொடுத்துரும். இதுக்குள்ள என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. பெட்ரோல் வண்டிகளும்தான் மோதி எரிகின்றன என்று எத்தனையோ பேரிடம் வாதாடியிருக்கிறேன். இவனிடம் அது எடுபடாது. அவன் முன்னாலேயே சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டேன், ஸ்பீக்கரில். அவனை மட்டம் தட்டத்தான்.

எடுத்த பெண் நிதானமாகச் சொன்னாள். "வீட்டுக்கிட்ட நிறுத்தாதீங்க மேடம். உள்ள செல் நசுங்கியிருந்தா சில நாள் கழிச்சுக்கூட தீப்பிடிக்கலாம். திறந்த வெளியில விடுங்க. சார்ஜ் போடாதீங்க. புகை வந்தா கிட்ட போகாம தீயணைப்புக்குச் சொல்லுங்க."

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனான். அவன் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

லாரியைத் திரும்ப வரவழைத்து, அறுப்பு முடிந்து காய்ந்து கிடந்த என் வயலின் நடுவில் காரை விட்டேன். வரப்பில் நின்று ஆட்கள் போனில் படம் பிடித்தார்கள். டீக்கடையில் அண்ணன், தங்கச்சி வெடிகுண்டு வாங்கி வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தானாம். கேள்விப்பட்டு நேராக அங்கேயே போனேன்.

"எதுவா இருந்தாலும் என் வாசல்ல வந்து சொல்லுங்க. ஊரக் கூட்டிச் சிரிக்காதீங்க."

"உள்ளததான சொன்னேன்," என்றான், டம்ளரிலிருந்து முகத்தை எடுக்காமல்.

பிறகு சர்வீஸ் சென்டர் ஆட்கள் காரைத் திருச்சிக்கு ஏற்றிப் போனார்கள்; நானும் போனேன். பேட்டரிப் பெட்டியைப் பிரித்துப் பார்த்த இன்ஜினியர், கல் இடித்ததில் அடித்தகடு உள்வாங்கி ஒரு மூலையில் செல்கள் நசுங்கியிருப்பதாகச் சொன்னார். அந்தத் தகடு இல்லையென்றால் அங்கேயே எரிந்திருக்குமாம். "வெளியில நிறுத்துனது நல்லதாப் போச்சு," என்றார்.

ஊருக்கு வந்ததும் அதை நானே அண்ணனிடம் சொன்னேன். அடுத்தவர் வாயால் அவன் கேட்டு மகிழ்வதைவிட அது மேல்.

"நான் சொன்னேன்ல," என்றான்.

"சொன்னீங்க."

அடுத்த வாரமே இரண்டு வீட்டுக்கும் நடுவில் கொத்தனாரை வைத்துச் சுவர் எழுப்ப ஆரம்பித்தான். அஸ்திவாரம் என் பக்கம் கொஞ்சம் தள்ளி வந்திருந்தது. நான் சர்வேயருக்கு மனு கொடுத்தேன்.