பாதர் ராபினும் அம்மாவின் தமிழும்

பாதர் ராபின் இன்று விடியற்காலையில் போய்விட்டார். சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன அறையில், தூக்கத்திலேயே...

யாங்கோனில் எங்கள் பபேடான் பக்கம் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கிலாந்தில் ஒரு மீன்பிடி ஊரில் பிறந்தவர். பாதிரியார். மதுரைப் பக்கம் வேலை பார்த்தபோது தமிழ் படித்தார், பிறகு தன் நாட்டில் மொழியியல் சொல்லிக்கொடுத்தார்.

ரிட்டயர் ஆனதும் யாங்கோன் தமிழர்கள் வீட்டில் எப்படிப் பேசுகிறோம் என்று பதிவு செய்ய வந்தார். ஒரு வருடம் என்றுதான் வந்தார். திரும்பவே இல்லை. ராணுவத்துக்குப் பயந்து இங்கிருந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்த நாட்களிலும்.

எங்கள் தையல் கடைக்கு முதலில் வந்தது, அங்கியின் ஓரம் பிரிந்துவிட்டது என்று. அம்மா தைத்துக் கொடுத்ததும் சின்ன ரெக்கார்டர் ஒன்றை வெட்டு மேசையில் வைத்து, "பேசுங்க மா செல்வி, என்ன வேணும்னாலும்" என்றார். பர்மியர்கள் போல அம்மா பேருக்கு முன்னால் மரியாதைக்கு 'மா' போடுவார்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இன்று காலை நான் எழுந்து, உணவு அருந்திவிட்டு, கடைக்கு வருகை தந்தேன்."

மெஷினைக் கண்டால் எங்கள் தெருவில் எல்லோருமே அப்படித்தான். மேடையேறிவிடுவார்கள்.

பாதர் சுற்றும் முற்றும் பார்த்தார். "இது யாரு? நான் மா செல்வியப் பாக்க வந்தேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, "ஏய், லபேயே ஆறிப்போவுது பாரு, பாதருக்கு எடுத்துக் குடு" என்றாள். லபேயே என்றால் இங்கே டீ. சொன்ன பிறகுதான் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். முகம் மாறிவிட்டது.

"அத அழிச்சிடுங்க பாதர். சென்னையிலேர்ந்து வந்த சொந்தக்காரங்க என் பேச்சக் கேட்டு அப்படிச் சிரிச்சாங்க. வேணாம்."

அவர் ஒரு வார்த்தை வாதாடவில்லை. அம்மா கண் முன்னாலேயே அழித்தார். லபேயே குடித்தார். "மொத மொத பசுந்தாங் போற பஸ்ல நான் பேசினப்போ, வெள்ளக்காரரு ரேடியோ மாதிரிப் பேசறாருன்னு எல்லாரும் சிரிச்சாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தார். ரெக்கார்டர் பையை விட்டு வெளியே வரவில்லை. ஒரு நாள் அம்மாவே, "எங்க பாதர் உங்க மெஷினு? வைங்க" என்றாள்.

போன மழைக்காலத்தில் ரொம்ப இளைத்துப் போயிருந்தார். அப்போதுதான் கேட்டார்.

"என்னைய அடக்கம் பண்ணும்போது நீங்க பேசணும். இங்க பேசற மாதிரியே."

"அங்க வந்து நான் பேசினா சிரிப்பாங்க பாதர்."

"சிரிக்கட்டும். நான் பெட்டிக்குள்ள இருப்பேன், எனக்கென்ன?"

"மொதல்ல லபேயே குடிங்க. வாயில நல்ல பேச்சே வராதா?"

சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.

நாளை அடக்கம். இன்று மத்தியானம் சர்ச் கமிட்டியிலிருந்து ஜேம்ஸ் அண்ணன் வந்தார். அம்மாதான் பேச வேண்டும் என்று பாதர் அவரிடமும் சொல்லி வைத்திருக்கிறார் போல. கையில் டைப் செய்த ஒரு தாள்.

"செல்விக்கா, நாளைக்குப் பெரிய ஆளுங்கல்லாம் வர்றாங்க. நம்ம வீட்டுப் பேச்சு அங்க சரிப்படாது. நல்ல தமிழ்ல எழுதிக் கொண்டாந்திருக்கேன். பாத்துப் படிச்சாப் போதும்."

அம்மா தாளை வாங்கிக்கொண்டாள். தப்பித்தோம் என்று அவளுக்கு நிம்மதி என்றுதான் நினைத்தேன்.

சத்தமாகப் படித்துப் பார்த்தாள். "பேரன்பும் பெருந்தகைமையும் ஒருங்கே கொண்ட அருட்தந்தை அவர்களே..." ஒரு தப்பு இல்லாமல் கடைசிவரை படித்தாள்.

பிறகு தாளை மடித்து அவரிடமே கொடுத்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க தம்பி. ஆனா இப்படிப் பேசினா, பேசறது நாந்தான்னு அவருக்குத் தெரியாதே."

ஜேம்ஸ் அண்ணன் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இப்போதுதான் கரண்ட் வந்தது. அம்மா பாதருடைய வெள்ளை அங்கியை அயர்ன் செய்துகொண்டிருக்கிறாள். திரும்பவும் ஓரம் பிரிந்ததென்று கொடுத்துவிட்டுப் போனது. சாயங்காலம் எடுத்துப் போக வருவார்கள்... அதைத்தான் அவருக்குப் போடப் போகிறார்கள்.

தூங்குங்கள், பாதர். நாளை அம்மா வருகிறாள்.