பஞ்சு பேலில் வந்த கறுப்பி

ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில், நூலின் பலத்தைச் சோதிக்கும் லேபில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறாள் ஜெயசித்ரா. போன ஆவணியில் ஒருநாள் பஞ்சு மாதிரி எடுக்கப் போனபோது, அமெரிக்காவிலிருந்து வந்த பஞ்சுப் பொதியான பேல் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்த பாண்டிதுரை கத்தினார்.

"எக்கா, இங்க வாங்க!"

பேலைச் சுற்றியிருந்த துணியின் மடிப்பில் ஒரு சிலந்தி. கண்ணாடி மணி மாதிரி பளபளவென்று கறுப்பு. பாண்டிதுரை செருப்பைக் கழற்றிவிட்டார்.

"அடிக்காதிய, செத்த பொறுங்க" என்று ஜெயசித்ரா தன் சாப்பாட்டுப் பையிலிருந்த ஊறுகாய் பாட்டிலைக் கழுவி எடுத்துவந்து, அட்டையால் தள்ளி அதற்குள் விழவைத்தாள். வயிற்றின் அடியில் சிவப்பாக இரண்டு முக்கோணம், முனையோடு முனை தொட்டுக்கொண்டிருந்தது. போனில் தேடியதும் பெயர் கிடைத்தது: கறுப்பு விதவை. கடித்தால் உடம்பெல்லாம் இழுத்துப் பிடிக்கும் என்றும் போட்டிருந்தது. அந்தப் பெயர் அவளுக்குப் பிடிக்கவில்லை. கறுப்பி என்று கூப்பிட்டாள்.

செட்டியார்பட்டி வீட்டில் அவள் கணவர் பொன்னுராஜ் தலையில் கைவைத்தார். "ஏட்டி, நாய் வளக்கிற ஊருல நீ என்னத்தட்டி வளக்க?"

"ரெண்டு நாள் பாத்துட்டு என்ன செய்யன்னு யோசிக்கேன்" என்றாள். பாட்டிலை மாடியில் மோட்டார் ரூமில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் இரண்டு மாதமானது. வாரத்துக்கு ஒரு கரப்பான் குஞ்சு, மூடியில் பஞ்சால் அடைத்த ஓட்டை வழியாக. இடுக்கிதான் உள்ளே போகும்; விரல் பக்கத்தில் போகாது. கறுப்பி இரையைத் துரத்தவே இல்லை. தலைகீழாகத் தொங்கும்; இரை வலையில் தட்டியதும் திரும்பி நின்று, பின்னங்கால்களால் நூலை வாரி வாரி வீசும். இரை அசையாமல் ஆன பிறகுதான் கடி. அந்தக் கைவேலையை ஜெயசித்ரா சம்மணமிட்டு உட்கார்ந்து பார்ப்பாள். ஒரு இழையை லேபுக்குக் கொண்டுபோய் மெஷினில் மாட்டியும் பார்த்தாள். பிடியில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது.

ஐப்பசியில் ஒரு காலை, வலையில் சுண்டைக்காய் அளவு வெளிர் உருண்டை ஒன்று தொங்கியது. முட்டைப் பை. இருநூறு குஞ்சு வரலாம், அதுகளுக்குக் குண்டூசி ஓட்டையே போதும் என்று படித்ததும் ஜெயசித்ரா மூடியிலிருந்த பஞ்சை இன்னும் இறுக்கி அடைத்தாள். மூடிக்கு மேல் மெல்லிய துணியை இரண்டு மடிப்பாகக் கட்டி, பாட்டிலை வாளிக்குள் வைத்து, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினாள். அங்கே ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை ஆஷிகா சிலந்திகளை ஆராய்கிறார் என்று விசாரித்து வைத்திருந்தாள்.

"மேடம், எங்கிட்ட வந்ததுலருந்து இது ஒத்தையிலதான் இருந்துச்சு. பொறவு எப்படி முட்டை?"

"அங்க பஞ்சுக் காட்டுலயே சேந்திருக்கும். ஆணோட விந்த வயித்துக்குள்ளயே மாசக்கணக்கா சேத்து வச்சுக்கும்" என்றார் ஆஷிகா. "ஆனா நம்ம ஊருப் பூச்சி இல்ல இது. குஞ்சு ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது. முட்டைப் பைய ஸ்பிரிட்ல போடணும்."

ஜெயசித்ரா பாட்டிலில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். பிறகு, "நானே போடுதேன்" என்று இடுக்கியை வாங்கினாள். உருண்டை ஸ்பிரிட்டில் மிதந்து, மெல்ல அடியில் போய் உட்கார்ந்தது. அவள் அது முழுக்க நனையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கறுப்பி கல்லூரியிலேயே, பூட்டிய கண்ணாடிப் பெட்டியில் தங்கியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜெயசித்ரா தீனியோடு போனாள். ஒருமுறை ஆஷிகா கேட்டதால் மாணவர்கள் முன்னால் நின்று, பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்திய அவள், கறுப்பியைப் பற்றி முக்கால் மணிநேரம் பேசினாள்.

"உங்களுக்குப் பயமா இல்லையா?" என்றாள் ஒரு மாணவி.

"இருக்கு. அதான் பூட்டுப் போட்டேன்."

சித்திரையில் கறுப்பி இறந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் ஜெயசித்ரா போனாள். பிளவக்கல் அணைப் பக்கம் கல்லுக்கடியில் மாணவர்கள் பிடித்த ஏதோ ஒரு சிலந்திக்கு ஆஷிகாவால் பெயர் கண்டுபிடிக்க முடியவில்லையாம்; வந்து பார்க்கச் சொல்லியிருந்தார்.