அலமாரியின் நடுத்தட்டு

நான் சேர்த்த ஒயின் பாட்டில்கள் ஓர் இரவுகூட என் வீட்டில் தங்கியதில்லை. அவை நகரின் கிழக்கே பிடோக்கில், என் நண்பரின் வீட்டு உள்ளறையில், குளிர்ச்சி குன்றாத ஓர் அலமாரியில் குடியிருக்கின்றன. சிராங்கூன் சாலைக்குப் பின்புறம் இருக்கும் என் வீடு காலையும் மாலையும் பதிகம் ஓதப்படும் வீடு. முதல் பாட்டிலை நான் கொண்டுவந்த அன்று என் மனைவி பூசையறை வாசலில் நின்றுகொண்டு, "சாமி இருக்கற வீட்ல இது வேணாங்க. வெளிய எங்கயாச்சும் வச்சுக்குங்க," என்றாள். அன்று மாலையே அந்தப் பாட்டிலை நண்பர் வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். அப்போது நாங்கள் இருவரும் துறைமுகத்தில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். அலமாரியின் மேல்பாதி அவருக்கு, கீழ்ப்பாதி எனக்கு என்ற ஏற்பாடு அன்று தொடங்கியது.

பழம்பெருமை பேசும் நாடுகளின் ஒயினை நாங்கள் வாங்குவதில்லை. அந்த விதியை வகுத்தவன் நான். நான் ஓதும் ஒவ்வோர் அடிக்கும் பெரியவர்கள் உரை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த உரைகளுக்கும் விளக்கங்கள் உண்டு. எனக்கு முன்னால் எவரேனும் உணர்ந்து சொல்லிவிடாத ஒரு சுவை அங்கே மிச்சமில்லை. அதில் எனக்குக் குறையும் இல்லை. அந்த நிழலில்தான் வாழ்ந்திருக்கிறேன். ஆனால் ஒயினில் மட்டும் உரை எழுதப்படாத இடங்களைத் தேடினேன். அர்ஜென்டினாவின் மலைச்சரிவுகள், நியூசிலாந்தின் தென்கோடி, நாசிக் என்று தேடிப்போய், ஒருநாள் சீனத்தின் நிங்ஷியாவை அடைந்தேன். பனி கொல்லாமல் இருக்க அங்கே திராட்சைக் கொடிகளைக் குளிர்காலம் முழுவதும் மண்ணுக்குள் புதைத்து வைத்து, வெயில் வந்தபின் தோண்டி எடுக்கிறார்கள் என்று படித்தபோது, குடிப்பதற்கு முன்பே அந்த ஒயின்மீது எனக்குப் பற்று உண்டாகிவிட்டது. நண்பர் முகத்தைச் சுளித்தார். "சைனா ஒயினா? சாஸ் பாட்டில்னு சொல்லு, வாங்கறேன்." குடித்துப் பார்த்தபின் இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டார். அதன்பின் நிங்ஷியா என்றால் என் பெயர்தான் அவர் வாயில் வரும். மாதத்துக்கு ஓரிரு கோப்பைகளுக்குமேல் குடிக்காத எனக்கு அந்தப் பெருமையே போதுமானதாக இருந்தது.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் திறந்தபோது அதில் மூன்று பிரிவுகள் இருந்தன. நடுத்தட்டில் எனக்குத் தெரியாத பாட்டில்கள் படுத்திருந்தன.

"இது யாரோடது?"

"நம்ம தம்பியோடது லா. கிளமெண்டில அவன் ரூம்ல வெயில் நேரா அடிக்குதாம். உன்னோட ரெண்டு பாட்டில மட்டும் தூக்கி என் பக்கம் வச்சேன். பரவால்லதானே?"

"பரவாயில்லை" என்றேன். எனக்கு அது பொறுக்கவில்லை.

அந்தத் தம்பியைக் கோயில் அன்னதானத்தில் நண்பர் பிடித்திருந்தார். தமிழ்நாட்டிலிருந்து வந்து சில ஆண்டுகள். உணவுகளுக்கு மணமும் சுவையும் சேர்க்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை. நாற்பது வயது இருக்கலாம். என்னை "ஐயா" என்று அழைத்தார். என்னைவிட இரண்டு வயது மூத்த நண்பரை "அண்ணே" என்று அழைத்தார். நண்பர் அதில் நாளுக்கு நாள் இளமையானது போல எனக்குத் தோன்றியது. ஒரு கோப்பையை மூக்கருகே கொண்டுசென்றால் அந்த மனிதர் பத்துப் பொருள்களின் பெயரைச் சொல்வார்: பிளாக்கரன்ட் பழம், பதனிட்ட தோல், புகையிலை, ஈரமண். நான் "இது இரவுப் பண் போல இறங்குகிறது" என்று சொல்லிவந்த வீட்டில் நண்பர் இப்போது "தோல் வாசனை வருதுல்ல?" என்று கேட்கத் தொடங்கினார். என் பண் உவமையை அவர் ஒருநாளும் திருப்பிச் சொன்னதில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

இந்த நிலையில் நண்பருக்கு எழுபது வயது நிறைந்தது. சாந்தி பூசை ஒரு வெள்ளிக்கிழமை காலை கேலாங் சிவன் கோயிலில். அதற்கு மறுவாரம் அவருடைய பிள்ளைகள் லிட்டில் இந்தியாவில் ஓர் உணவகத்தின் மேல்மாடியில் விருந்து வைத்தார்கள். விருந்துக்கு எங்கள் பாட்டில்களையே கொண்டுவரலாம் என்று உணவகத்தார் ஒப்புக்கொண்டார்கள். அந்த மேசைக்கு என் நிங்ஷியா போகும் என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை. அந்த எண்ணத்திலேயே ஒரு முழுப் பெட்டியைச் சேர்த்து வைத்திருந்தேன்.

"காலைல பூசைல நீ பாடணும்," என்றார் நண்பர். "விருந்துக்கு ஒயின தம்பி பாத்துக்குவான்."

"ஏன்?"

"நீ விரதம்லப்பா! மோந்துகூட பாக்க மாட்டேன்னு சொல்வியே."

அவர் சொன்னது முற்றிலும் சரி. ஆண்டுதோறும் அந்தப் பருவத்தில் ஒரு மண்டலம் நான் விரதம் இருப்பவன். பூசைக்குரிய பூவை முகர்ந்து பார்க்கக் கூடாது, முகர்ந்தால் அது அனுபவித்த பூ ஆகிவிடும், ஆகவே விரத நாளில் ஒயினின் மணமும் எனக்கு விலக்கு என்று பல ஆண்டுகளுக்கு முன் இதே அறையில் அவருக்கு விளக்கியவன் நான்தான். அதை எவ்வளவு நீட்டி முழக்கி விளக்கினேன் என்பதும் நினைவுக்கு வந்தது.

பூசைக்கு முந்தைய ஞாயிறு, எந்த ஒயின் பொருந்தும் என்று ஒத்திகை பார்ப்பதற்காக நண்பர் வீட்டுக்கு அந்த உணவகத்திலிருந்தே மட்டன் சுக்காவும் மீன் வறுவலும் வாங்கி வந்திருந்தார்கள். நான் சன்னலோரத்தில் எலுமிச்சைச் சாற்றுடன் உட்கார்ந்தேன். மேசையில் இரண்டு பாட்டில்கள்: ஒன்று என் நிங்ஷியா, மற்றது தம்பியின் நடுத்தட்டிலிருந்து வந்த நியூசிலாந்து பினோ நுவார். என்னுடையது கோப்பையில் கருஞ்சிவப்பாக நின்றது. அவருடையது வெளிறிய மாணிக்கம். அதைச் சிறிது நேரம் குளிரவைத்திருந்தார்கள். மெலிந்த நிறம் என்று மனத்துக்குள் இகழ்ந்தேன்.

தம்பி முதலில் நிங்ஷியாவைக் குடித்தார். "ஐயா, இது ரொம்பப் பெரிய ஒயின் ஐயா. எங்க புடிச்சீங்க?"

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அந்த மகிழ்ச்சி அவரிடமிருந்து வந்தது பிடிக்கவில்லை.

பிறகு ஒரு துண்டு சுக்காவை மென்று, மீண்டும் குடித்தார். கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். நண்பரைப் பார்த்தார்; என்னைப் பார்க்கவில்லை.

"அண்ணே, இந்தக் காரத்துக்கு இது நிக்காதுண்ணே. துவர்ப்பு தூக்கலாயிடுது. தொண்டையில சுடுது. மத்தது வேணா பாருங்க."

நண்பரும் சுக்காவோடு இரண்டையும் குடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியாதபடி பார்த்துக்கொண்டார்; அவ்வளவு காலப் பழக்கத்தில் அதுவே எனக்கு விடை. ஆனாலும் கோப்பையைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லுப்பா. உன் பாட்டில்தான் வேணும்னு சொன்னா அதுதான். தம்பி ஒண்ணும் நெனச்சுக்க மாட்டான்."

தம்பி தலையசைத்தார். உண்மையாகவே ஒன்றும் நினைத்துக்கொள்ளமாட்டார் என்று தெரிந்தது, அதுவும் எரிச்சலூட்டியது. ஒரு சொல் போதும். என் நிங்ஷியா எழுபதாம் வயது மேசையில் நிற்கும்; நண்பர் எழுந்து என்னைக் காட்டிப் பேசுவார். மிளகாய்க் காரத்தில் துவர்ப்பு மிகுந்த ஒயின் கசந்து எரியும் என்பதை முகர்ந்து பார்க்காமலே அறிவேன். விருந்துக்கு வந்தவர்கள் அவர் பிறந்தநாளில் வாயை ஊதிக்கொண்டு தண்ணீர் கேட்பதை மனத்துக்குள் பார்த்தேன். அதைப் பார்த்தபின்னும் என் கண் நிங்ஷியா பாட்டிலிலேயே நின்றது.

"தம்பி சொல்வதே சரி," என்றேன். "பினோவையே வையுங்கள். உணவகத்தில் அதிகம் குளிரவைத்துவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்."

அந்தக் கடைசி எச்சரிக்கை தேவையற்றது. தம்பிக்கு அது தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை கோயிலில் பாடினேன். நன்றாகவே பாடினேன் என்று சொன்னார்கள். கண்ணை மூடி உருக வேண்டிய இடத்தில், நண்பருக்குப் பின்னால் கலசத்தைத் தாங்கி நின்ற தம்பியின் முழங்கை மட்டும் எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. மறுவார விருந்தில் பினோ இரண்டு சுற்று போனது. நண்பரின் மருமகன் ஒயினை யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்க, நண்பர் தம்பியின் தோளில் கைபோட்டுக்கொண்டு, "இவன் நாக்கு இருக்கே, அது எம்ஆர்டி ரயில் மாதிரி லா, கரெக்டா போய் நிக்கும்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் இடியாப்பத்தைப் பிட்டுக்கொண்டு சிரித்தேன். என் பெயர் வரும் என்று விருந்து முடியும்வரை காத்திருந்தேன். வரவில்லை, வருவதற்குக் காரணமும் இல்லை.

விரதம் முடிந்த வாரம் நண்பர் தொலைபேசியில் கூப்பிட்டார். பிடோக் வீட்டுக்குப் போனபோது மேசையில் என் நிங்ஷியா திறந்திருந்தது. இரண்டே கோப்பைகள். தொட்டுக்கொள்ள வறுத்த முந்திரி மட்டும், காரமே இல்லை.

"தம்பி வரவில்லையா?"

"கூப்டல. இது நம்ம ரெண்டு பேருக்கு."

எத்தனையோ வாரங்களாகக் கட்டி நின்ற ஒன்று என் நெஞ்சில் இளகியது. கோப்பையை முகர்ந்தேன், என் கொடி மண்ணிலிருந்து எழுந்து வந்தது. நண்பர் ஒரு வாய் பருகி, கண்ணை மூடி, தலையை ஆட்டினார்.

"பிளாக்கரன்ட். கொஞ்சம் தோல் வாசனை."

கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அது தம்பியின் சொல். நீ சொல்."

"என்னய்யா சொல்ல? எனக்கு என்ன தெரியும்?"

"உனக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்."

அவர் இன்னொரு வாய் குடித்தார். வெகுநேரம் யோசித்தார். எனக்காகத்தான் யோசிக்கிறார் என்று தெரிந்தது, நெற்றி சுருங்கியிருந்தது.

"நல்லாருக்கு லா," என்றார்.

இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன்.