மண் முழுங்கிய சொம்பு

எங்கள் குடும்பத்தில் இரண்டு பொருள்கள் காணாமல் போயிருந்தன. இரண்டுமே நான் பிறப்பதற்கு முன், ஒரே வருஷத்தில் போனவை. ஒன்று வெள்ளிச் சொம்பு. இன்னொன்று அத்தையின் பிளஸ் டூ மார்க் ஷீட். மார்க் ஷீட்டை எலி இழுத்துக்கொண்டு போய்விட்டதாக அத்தை சொன்னாள். சொம்பை என் அம்மா தன் பிறந்த வீட்டுக்குக் கடத்திவிட்டதாக அப்பாவின் அண்ணியான பெரியம்மா சொன்னார். எலியைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை. அம்மாவைத்தான் விடவில்லை.

நடந்தது இதுதான். அம்மா கல்யாணமாகி வந்து இரண்டு மாதம். ஒத்தக்கடை தாண்டி இருந்த எங்கள் வயலில் முதல் நடவு. சேற்றில் பால் ஊற்றிக் கும்பிடுவதற்காக வீட்டிலிருந்த வெள்ளிச் சொம்பைப் புது மருமகள் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பாலை ஊற்றிவிட்டுச் சொம்பை வரப்பில் வைத்தாள் அம்மா. நாற்று முடி எடுத்துக் கொடுக்கக் கூப்பிட்டார்கள், போனாள். திரும்பி வந்து பார்த்தால் சொம்பு இல்லை. வயல் முழுக்க ஆட்கள். மோட்டார் ரூம் பக்கத்து வேப்பமரத்தடியில் சோத்துக்கூடைக்குக் காவலாக, அப்போது கல்யாணமாகாத அத்தை இருந்திருக்கிறாள். யாரும் எதையும் பார்க்கவில்லை.

"சேத்துல அமுங்கிருச்சு, மண்ணு முழுங்கிருச்சு" என்று அம்மா அன்று சொன்னதைத்தான் எப்போதும் சொன்னாள். பெரியம்மாவும் ஒவ்வொரு பொங்கலுக்கும் பித்தளைச் சொம்பைக் கையில் எடுக்கும்போது, "ஹ்ம், வெள்ளிலதான் ஒண்ணு இருந்துச்சு. அதுக்குக் காலு மொளச்சு மேலூருக்குப் போயிருச்சு" என்பார். மேலூர் அம்மாவின் ஊர். அந்த நேரத்தில் அப்பா மும்முரமாகக் கரும்பைச் சீவிக்கொண்டிருப்பார்.

எனக்கு ஒன்பது வயதானபோது வயலை விற்றார்கள். ஜேசிபி வந்து வரப்பு, வாய்க்கால், வேப்பமரம் எல்லாவற்றையும் வழித்துத் தள்ளி, செம்மண் பரப்பி, வெள்ளைக் கல் நட்டு மனையாக்கிவிட்டது. நாங்களும் ஒரு மனை வைத்துக்கொண்டோம். அடுத்த வாரம் தார் ரோடு போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அம்மா வில்லாபுரத்துக்கு, மாமாவைப் பார்க்கப் போனாள். மாமா என்றால் அத்தையின் வீட்டுக்காரர். ஒரு பெரிய கடையில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். வாசலில் வருகிறவர்களைத் தடவிப் பார்க்க ஒரு கருப்புக் கட்டை, உலோகம் கிட்டே வந்தால் கத்துகிற மெட்டல் டிடெக்டர், வைத்திருப்பார்களே, அது அவர் பொறுப்பில் இருந்தது.

"அண்ணே, ஒரே ஒரு நாளு. ரோடு போட்டுட்டா அப்புறம் எம் பேரு கெட்டது கெட்டதுதான்" என்றாள் அம்மா. மாமாவுக்கு ஒரே உற்சாகம். அத்தைக்குத்தான் பிடிக்கவில்லை. "போனது போச்சு, விடுங்க மதினி. இம்புட்டு வருசம் கழிச்சு எதுக்கு?" என்று நாலைந்து முறை சொன்னாள். செலவாகும் என்று சொல்கிறாள் போல என்று நினைத்தேன். நாம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தால் போதும், நமக்கும் ஒரு நாள் வெளியே சுற்றலாம்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்துவிட்டோம். அம்மாவின் தோல்வியைக் கண்ணால் பார்க்கப் பெரியம்மா குடையோடு வந்திருந்தார். மாமா விசிலைத் தவிர மற்ற எல்லாவற்றோடும் டூட்டிக்கு வந்த மாதிரி வந்தார். மெட்டல் போட்டுக்கொண்டு யாரும் கிட்டே வரக்கூடாது என்றார். என் கொலுசைக் கழற்றி அம்மா முந்தானையில் முடிந்துகொண்டாள். அத்தை தலைவலி என்று வாட்ச்மேன் கொட்டகை நிழலில் உட்கார்ந்துவிட்டாள். கட்டை 'பீப்' என்று கத்தும்போதெல்லாம் அவள் தலை தூக்கிப் பார்ப்பதை நான் பார்த்தேன்.

கட்டை சும்மா சும்மா கத்தியது. லாடம், சோடா மூடி, ஏர்க் கொழுமுனை, யாரோ தொலைத்த சைக்கிள் சாவி. பதினொரு மணிக்கு நீளமாக ஒரு கத்தல். "இருக்கு! இருக்கு!" என்று மாமா மண்டி போட்டுத் தோண்டினார். மஞ்சள் நூல் சுற்றிய குட்டிச் செம்புச் சொம்பு வந்தது. உள்ளே நவதானியம், பொடிப்பொடியாய் வெள்ளி, செம்புத் துண்டுகள். எல்லை பார்க்காமல் பக்கத்து மனைக்குள் போய்விட்டிருந்தோம். அந்த மனையை வாங்கியிருந்த ரிட்டயர்ட் வாத்தியார் மூன்று நாளுக்கு முன்புதான் வாஸ்து பூஜை போட்டு ஈசானி மூலையில் புதைத்ததை நாங்கள் தோண்டி வெளியே எடுத்திருக்கிறோம். அவரும் சொல்லிவைத்தாற்போல டிவிஎஸ்ஸில் வந்து இறங்கினார்.

"ஏய்யா, வெளங்குவீகளா நீங்க? சாமி குத்தம்யா!" என்று அவர் போட்ட சத்தத்தில் மாமா கட்டையைக் கீழே போட்டுவிட்டார். அன்றைக்கே ஐயரைக் கூட்டிவந்து மறுபடி பூஜை போட்டுத் தரவேண்டும் என்றாயிற்று. அப்பாவும் மாமாவும் அவரோடு ஒத்தக்கடைக்குப் போனார்கள். பெரியம்மா சிரித்துச் சிரித்துக் களைத்துக் கொட்டகைக்குள் போய்ப் படுத்துவிட்டார்.

அம்மா கட்டையை எடுத்து என் கையில் கொடுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "நீ வாடி" என்றாள். வயல் இருந்த இடத்தைத் தடவித் தடவி, கடைசியில் வேப்பமரத்தைப் பிடுங்கிய பள்ளத்தோரம் போனோம். கட்டை கத்தியது. அம்மா களைக்கொத்தியால் ஒரு சாண் தோண்டினாள். நைந்த தாவணித் துணி. அதற்குள் கன்னங்கரேலென்று ஒரு சொம்பு. அம்மா கட்டைவிரலால் தேய்த்தாள். தாத்தாவின் பெயர் வெட்டிய எழுத்துகள் தெரிந்தன.

நான் குதிக்கப்போனேன். அம்மா சொம்புக்குள் விரலை விட்டாள். சுருட்டிய பிளாஸ்டிக் தாள் ஒன்று வந்தது. அதை விரித்துப் பிடித்து வாய்க்குள்ளேயே எழுத்துக்கூட்டிப் படித்தாள். எனக்கு ஒரு வட்ட முத்திரை மட்டும் தெரிந்தது. அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்டது. பட்டென்று எழுந்து தாளை இடுப்பில் செருகினாள். சொம்பைக் குழிக்குள் தள்ளி, மண்ணைத் தள்ளி, காலால் மிதி மிதியென்று மிதித்தாள்.

"வாயத் தொறந்த, கொன்னுருவேன்" என்றாள். அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

"என்ன தங்கச்சி, கத்துச்சா?" என்றார் வந்திறங்கிய மாமா.

"பழைய மோட்டாரு போல்ட்டுண்ணே. போதும், விட்ருவோம். மண்ணு முழுங்குனது முழுங்குனதுதான்."

பெரியம்மா எழுந்து வந்து, "மண்ணு என்னைக்குடி வெள்ளியத் தின்னுச்சு?" என்றார். சொம்பு கிடைத்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். பெரியம்மா சொன்னதை எல்லாம் தலை குனிந்து வாங்கிக்கொண்டாள்.

கிளம்பும் முன் அம்மா கை கழுவுகிற சாக்கில் அத்தையைக் குழாயடிக்குக் கூட்டிப்போனாள். இடுப்பிலிருந்ததை எடுத்து அத்தை கையில் திணித்தாள். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்து குலுங்கினாள். அம்மா அவளை மிரட்டுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

டவுன் பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒன்றும் பிடிபடவில்லை. தேடித் தேடி எடுத்ததை எவளாவது திரும்பப் புதைப்பாளா? ஒன்பது வயது மண்டையைப் போட்டுக் கசக்கியதில் ஒரே ஒரு பதில்தான் வந்தது. புதைத்த இடம் தெரிந்துதான் அங்கே தோண்டியிருக்கிறாள். பெரியம்மா சொன்னது சரி. எங்கம்மா திருடி.

வீட்டுக்கு வந்ததும் கொலுசைக் கேட்டேன். "நாளைக்குப் போட்டு விடுறேன், பீரோவுல வைக்கட்டுமா?" என்றாள்.

"வேணாம். ஒங்கிட்ட இருந்தா காணாமப் போயிரும்" என்றேன்.

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொலுசை என் கையில் வைத்தாள். பிறகு அடுப்படிக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு என் நகை எதையும் அவளிடம் கொடுத்ததில்லை. அவளும் கேட்டதில்லை.

மறு வருஷம் அத்தை ஒரு நர்சரி பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தாள். மார்க் ஷீட் பரணில் கிடைத்துவிட்டதாக மாமாவே எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நான் வேலைக்குப் போன பிறகு, அத்தை ஏதோ கோர்ஸுக்கு விண்ணப்பிக்க என்னிடம் சான்றிதழ்களைக் கொடுத்தபோதுதான் அதைத் தொட்டேன். ஓரமெல்லாம் செம்மண் ஏறிய, லேமினேட் செய்த தாள். ஸ்கேனரில் விரித்து வைத்துக் கையை எடுத்தேன். அது தானாகச் சுருண்டு, ஒரு சொம்புக் கழுத்துக்குள் நுழைகிற அளவுக்கு வந்து நின்றது.

மார்க் ஷீட்டோடும் சொம்போடும் அத்தை வீட்டை விட்டு எங்கே போகத் துணிந்தாள், தனியாகவா, யாருடனாவதா, எனக்கு இன்றும் தெரியாது. அம்மா பழி சுமக்க அத்தை ஊமையாய் இருந்துவிட்டாளே என்ற ஆத்திரம் மட்டும் தெரியும். அன்றே அம்மாவிடம் போய்க் கேட்டேன். சொம்பை மட்டுமாவது எடுத்திருக்கலாமே?

"எங்க எடுத்தேன்னு கேப்பாக. மரத்தடின்னா, அன்னைக்கு மரத்தடியில யாரு இருந்தான்னு கேப்பாக. கட்டையப் பிடிச்சிட்டு நிக்கிறது அவ புருசன்டி" என்றாள் அம்மா.

கொலுசுப் பெட்டியை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன். இதையெல்லாம் இனிமேல் நீதான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். அம்மா பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"வேணாம்டி, காணாமப் போயிரும்" என்று சொல்லிச் சிரித்தாள்.