முகத்துவாரத்தை வரைந்த ஜமால்

ஜமால் போய்விட்டான். காலை ஆறரைக்கு அவன் மகள் பூந்தமல்லியிலிருந்து போன் செய்தாள்.

அப்போதிலிருந்து ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். அடக்கம் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகாம். வெயிலில் போக வேண்டாம் என்கிறான் என் மகன். தொண்ணூறு தாண்டியவனுக்கு யார் வேண்டுமானாலும் ஆர்டர் போடலாம்...

உட்கார முடியவில்லை. ஒற்றை விரலால் போனில் இதை டைப் செய்கிறேன்.

இரண்டாம் உலக யுத்த காலம். ஆவடி மிலிட்டரி டிப்போவில் நாங்கள் இருவரும் பெயின்டர்கள். மரப்பெட்டிகளில் ஸ்டென்சில் வைத்து நம்பர் அடிக்கும் வேலை. ஒரே வாடகை ரூம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவனுக்குக் கால் தரையில் பாவாது. பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி எண்ணூர். ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில், அதே இடத்தில், நோட்டும் கரித்துண்டுமாக உட்காருவான்.

தண்ணீர் வடியும்போது மணல்திட்டு எப்படி வெளியே வருகிறது... காற்று மாறினால் மணலில் வரிகள் எந்தப் பக்கம் சாய்கின்றன... வாராவாரம் அதுதான்.

"படகு வரைடா, யார்னா வாங்குவாங்க" என்பேன்.

"படகு எங்க போவப்போவுது? இந்தத் திட்டு அடுத்த வாரம் இங்க கீதோ இன்னாவோ. கம்முனு பாரு."

ஒரு ஞாயிறு எனக்குக் காய்ச்சல். தனியாகப் போனான். மாலையில் டிப்போ ஆள் ஒருவர் ஓடி வந்தார். "உன் கூட்டாளிய போலீஸ் இட்டுகினு பூட்டாங்க. ஜப்பான்காரனுக்கு மேப் போடறான்னு சொல்றாங்கோ."

டிரங்குப் பெட்டியில் அவனுடைய ஏழு நோட்டுகள். ஒரு வருஷத்து முகத்துவாரம். எல்லாவற்றையும் கிழித்து அடுப்பில் போட்டேன்.

போலீஸ் வரும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை.

மூன்றாம் நாள் அவனை விட்டுவிட்டார்கள். உதடு வீங்கியிருந்தது. வந்ததும் பெட்டியைத்தான் திறந்தான்.

"நோட்டுங்கோ எங்கடா?"

"போலீஸ் வந்துச்சு... எட்த்துகினு பூட்டாங்க" என்றேன்.

மறுநாளே ஸ்டேஷனுக்குப் போய் நோட்டுகளைக் கேட்டான். அடித்து விரட்டினார்கள். அடுத்த வாரம் மறுபடியும் போனான். மறுபடியும் அடி... நான் ரூமில் உட்கார்ந்திருந்தேன்.

யுத்தம் முடிந்ததும் இருவரும் எண்ணூர் போனோம். திட்டு இருந்த இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கரையில் உட்கார்ந்து புது நோட்டைத் திறந்தான். "சரி, மொதல்லேர்ந்து போடுவோம்."

போட்டான். சுதந்திரம் வருவதற்குள் திட்டு வருஷாவருஷம் நகர்ந்ததை இடமிருந்து வலமாக ஆளுயரத் துணியில் பெரிய படமாகத் தீட்டிவிட்டான். கிட்டே போனால் ஈர மணல் காலில் ஒட்டும்போல இருக்கும்.

இடது ஓரத்தில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு வெறும் துணி.

"இது இன்னாடா?"

"அது அந்த வருஷம். நோட்டு இல்லாம எப்டி போடறது? குத்துமதிப்பா போட்டா பொய்டா."

போன மாதம் போனில்கூடச் சொல்ல வாயெடுத்தேன். "இன்னாடா?" என்றான். "ஒன்னுமில்ல, சாப்டியா?" என்றேன்.

நான்தான் எரித்தேன், ஜமால்.

போய் வாடா.