கலையாத கிடை

ஆனைக்குட்டத்துச் சின்னம்மா தீப்பெட்டி கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஆடு வாங்கியவர். கோடையில் எங்கள் கரிசலில் புல் இருக்காது. செம்மறிகளை மேற்கே ஓட்டிப்போய், மலையடிவாரத்துத் தோப்பு ஒன்றில் கிடை போடுவார். பகலில் மேய்ந்த ஆடுகளை இரவில் அங்கே வலைக்குள் அடைத்தால் தோப்புக்கு எரு, ஆட்டுக்குப் புல். மழை விழும்வரை அந்தத் தோப்பை விட்டால் அவருக்குப் போக்கிடம் இல்லை.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு கோடையில் அங்கே சிறுத்தை இறங்கியது. நான் அப்போது சிவகாசியில் ஒரு நாளிதழின் செய்தியாளன். லீவு நாளில் அரிசி, பருப்பு கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்த முறை, பட்டாசுத் தொழிலாளியான சித்தப்பா என் பையில் ஒரு பெட்டி அணுகுண்டு வெடியையும் வைத்தார். “ரெண்டு போட்டா மலையேறிரும்” என்றார்.

ஆடுகள் மிரளுமோ என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பட்டாசு கம்பெனிகள் வெடித்துப் பார்க்கும் பொட்டலில்தான் சின்னம்மாவின் ஆடுகள் வளர்ந்தன. எந்தச் சத்தத்துக்கும் தலை தூக்காது. அந்த மாதம் ராஜபாளையம் பக்கம் வாங்கிய ஆடுகளும் கிடையில் நின்றன. அவை வெடி கேட்டு வளர்ந்தவை அல்ல என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

பொழுது சாயும்போது தோப்பை ஒட்டிய பாறையில் சிறுத்தை வந்து படுத்தது. ஆடுகளை அடைத்து முடித்திருந்தோம். சின்னம்மா ஒரு வெடியைப் பற்றவைத்தார். பழைய ஆடுகள் அசை போட்டன. புது ஆடுகள் வலையைப் பிய்த்துக்கொண்டு பாறைப் பக்கமே ஓடின. ஒரு பெட்டையைக் கழுத்தில் கவ்விக்கொண்டு சிறுத்தை புதருக்குள் மறைந்தது.

மறுநாள் வனக்காவலர் வந்து மிச்ச வெடிகளை வாங்கிக்கொண்டார்.

“ஏம்மா, கிடையக் கலைச்சிட்டு ஊரு போய்ச் சேருங்க. சிறுத்தப்புலி ருசி கண்டுருச்சு.”

“இது தோப்புக்காரர் பட்டா நெலம். உங்க காட்டுக்குள்ள நான் வந்தனா?”

“அது இங்க வருதே!”

“அப்ப அதுகிட்டப் போய்ச் சொல்லுங்க.”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்.

நான் அனுப்பிய செய்திக்கு அலுவலகத்தில் ‘சிறுத்தை நடமாட்டம்: ஆடு மேய்ப்போர் அச்சம்’ என்று தலைப்பு வைத்தார்கள். அடுத்த வாரம் தோப்புக்குள் நுழைந்ததுமே சின்னம்மா பிடித்துக்கொண்டார்.

“அச்சமா? யாருக்குலே அச்சம்? என்னயக் கேட்டா போட்டாக?”

வலையைச் சுற்றி நெஞ்சு உயரத்துக்குக் கருவேல முள் அடைத்திருந்தார். புது ஆடுகள் நடுவில். வெடி கேட்டு வளர்ந்தவை அவற்றைச் சுற்றி. அன்றும் சிறுத்தை பாறைக்கு வந்தது. நடுவில் நின்றவை மிரண்டு முட்டின. சுற்றி நின்றவை அசையாததால் அவற்றுக்கு ஓட வழியில்லை. சின்னம்மா அரிவாளோடு முள்வேலிக்கு முன்னால் போய் நின்றார்.

“எம்புட்டு நேரம் வேணும்னாலும் பாரு. நான் இங்கனதான் இருப்பேன்.”

வெகுநேரம் பார்த்துவிட்டு அது எழுந்து மலைப்பக்கம் நடந்தது.

மழை விழுந்த பிறகுதான் கிடையைக் கலைத்தார். அடுத்த கோடையில் அதே தோப்பில் முள் வெட்டிக்கொண்டிருந்தபோது, அதே காவலர் சைக்கிளை நிறுத்தினார்.

“மறுபடியுமாம்மா?”

“புலி வேற ஊருக்குப் போயிருச்சா?”

“இல்லையே.”

“பெறகு நான் மட்டும் எதுக்குப் போகணும்?” என்றவர், வெட்டிய முள்ளை இழுத்து வலையோரம் போட்டார்.