அய்யனார் கோவிலுக்குச் சேத்தூர் ரோடு வழியாக

காஷ்மீர் போனவர்களும் சிங்கப்பூர் போனவர்களும் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். நான் போனது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து, ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் அய்யனார் கோவிலுக்கு. எப்படிக் கூட்டினாலும் இருபத்தைந்து கிலோமீட்டர் தேறாது. அந்தத் தூரத்தைக் கடக்க எங்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. எழுதுவதற்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

1992, தை மாதம். கும்பகோணத்திலிருந்து மதுரைக்கு வந்து, அங்கே ஒன்பது ரூபாய் டிக்கெட் எடுத்து, பாதி வழி நின்றுகொண்டே வந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியபோது சாயங்காலம். மறுநாள் காலையில் என் தங்கை செல்வியின் இரண்டாவது குழந்தைக்கு அய்யனார் கோவிலில் மொட்டையும் காதுகுத்தும். நான் நேரே சேத்தூரில் இருக்கும் அவள் வீட்டுக்கே போயிருக்கலாம். இங்கே இறங்கியதற்குக் காரணம் எங்கள் அண்ணன். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்த மாமன் வருவாரா மாட்டாரா என்பதே அப்போது பெரிய கேள்வியாக இருந்தது.

காரணம் ஒரு பிக்கப் வண்டி. செல்வியின் வீட்டுக்காரர் தேங்காய் ஏற்றுவதற்கு வைத்திருந்த வண்டியை ஆனி மாதம் அண்ணன் வாங்கினார். செண்பகத்தோப்புப் பக்கத்துக் கிராமங்களில் பால் எடுத்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர்களுக்கு ஊற்றுவது அண்ணனின் தொழில். அந்த மேடு பள்ளத்தில் எந்த வண்டியும் மாட்டு வண்டி வேகத்தில்தான் போகும். வண்டி நன்றாக ஓடியது. தீபாவளி கழிந்து முதல் தடவையாக மதுரை ரோட்டில் ஏற்றி மிதித்திருக்கிறார். ஐம்பதைத் தாண்டியதும் கிடுகிடுவென்று ஆட்டம். டயரை மாற்றினார், இன்ஜினைத் தாங்கும் ரப்பர் கட்டையை மாற்றினார், ஆட்டம் நிற்கவில்லை. கடைசியில் மாப்பிள்ளை தெரிந்தே தலையில் கட்டிவிட்டார் என்று முடிவு செய்து பேச்சை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துப் பத்திரிகை கொண்டுவந்தபோது, உட்காருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். அண்ணன் மனைவி, என் மதினிதான் அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள்.

ராத்திரி முழுக்கக் கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்து வந்தேன். அண்ணன் சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே, "வாரேன்ட்டி. வராம எங்க போவேன்?" என்றார். இவ்வளவு சுலபமாக அவர் எதற்கும் இணங்கியவர் இல்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பயணக் களைப்பில் படுத்துத் தூங்கிவிட்டேன்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். பின்னால் வாழைத்தாரும், தேங்காயும், கிலோ நாற்பத்தைந்து ரூபாய் பால்கோவாவில் ஐந்து கிலோவும். முன்னால் அண்ணன் ஓட்ட, நடுவில் மதினி, ஓரத்தில் நான். பட்டுப் பாவாடையும் கம்மலும் இருந்த சீர்த் தட்டு என் மடியில். நல்ல நேரம் ஒன்பது மணி வரை. பன்னிரண்டு கிலோமீட்டர் ராஜபாளையம், அங்கிருந்து கோவிலுக்கு இன்னொரு பத்துப் பன்னிரண்டு. வழியில் ஒரு காப்பி குடிக்கக்கூட நேரம் இருந்தது.

வலது பக்கம் மலை, பனி இன்னும் இறங்காமல் நின்றது. அதை ரசிக்கலாம் என்று நிமிர்ந்தபோது வண்டி ஐம்பதைத் தொட்டது. முதலில் சீட்டுக்கு அடியில் ஒரு உறுமல். பிறகு கால் வைத்திருந்த தகடு நடுங்கியது. அறுபதில் பக்கக் கண்ணாடியில் தெரிந்த புளியமரங்கள் எல்லாம் கலங்கிப் போயின. தட்டில் இருந்த குங்குமச் சிமிழ் உருண்டு என் புடவையில் கொட்டியது.

"பாத்தியாட்டி? பாத்துக்கிட்டியா?" என்றார் அண்ணன். ஆட்டம் வந்ததில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"நாப்பதுல போங்கண்ணே. ஆடாதுல்ல?"

"ஆடாது. ஆனா நான் எதுக்கு நாப்பதுல போகணும்?"

ராஜபாளையத்தில் மேற்கே முடங்கியாறு ரோட்டில் திரும்ப வேண்டும். அண்ணன் திரும்பவில்லை. நேரே தென்காசி ரோட்டில், அதாவது சேத்தூர் ரோட்டில், போய் ஒரு ஒர்க்‌ஷாப் முன்னால் நிறுத்தினார். காதர் பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களுக்காகவே வாசலில் நின்றிருந்தார். முதல் நாளே சொல்லி வைத்திருக்கிறார் அண்ணன்.

"செத்த நேரந்தான். வண்டியில கோளாறு முன்னாடியே இருந்துச்சுன்னு பாய் வாயால சொல்லட்டும். பொறவு நான் சபையில வச்சு அவனக் கேக்கேன்."

இப்போதுதான் புரிந்தது. அண்ணன் காதுகுத்துக்குக் கிளம்பவில்லை, வழக்குக்குக் கிளம்பியிருக்கிறார். என் வாய் சும்மா இருக்காது. "மடியில பிள்ளைய வச்சுக்கிட்டு அவரத் திட்டப் போறீங்களா?" என்று கத்தினேன். மதினி என் கையைப் பிடித்து அமுக்கினாள். அண்ணன் காதில் வாங்கவே இல்லை.

காதர் பாய்க்கு இந்த வட்டாரத்தில் நல்ல பெயர், அது அவருக்கும் தெரியும். வண்டிக்குக் கீழே எட்டிக்கூடப் பார்க்காமல், "கிராஸ் போயிருக்கும் அண்ணாச்சி" என்றார். இன்ஜின் பக்கமிருந்து பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற நீளக் குழாய்க்குப் பெயர் ஷாப்ட். அதன் இரண்டு முனையிலும் இருக்கும் மூட்டுதான் கிராஸ். அடியில் படுத்துக் கம்பியால் நெம்பிப் பார்த்தார். மூட்டு கல் மாதிரி இருந்தது. நம்பாமல் கழற்றியே பார்த்தார். அதிலும் குறை இல்லை. திரும்ப மாட்டி வெளியே வந்தபோது மணி எட்டைத் தொட்டிருந்தது. அதற்குள் நான் ஒரு ரூபாய் டீ இரண்டு குடித்திருந்தேன்.

"ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்று பாய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். பெண்கள் இருவரையும் பின்னால் வாழைத்தாரோடு ஏற்றிவிட்டு, சேத்தூர் ரோட்டில் ஓட்டம். கோவில் மேற்கே, நாங்கள் தெற்கே. அறுபது வந்ததும் பாய் கியரை நியூட்ரலில் தள்ளினார். இன்ஜின் அடங்கியது, ஆட்டம் அடங்கவில்லை. "அப்ப இன்ஜின் இல்ல" என்று அவர் உரக்கச் சொன்னது பின்னால் எங்களுக்கே கேட்டது. "ஸ்டியரிங் ஆடல, சீட்டுதான் ஆடுது. அப்ப முன்சக்கரமும் இல்ல." சேத்தூர் எல்லையில் வண்டியைத் திருப்பும்போது, டீக்கடையில் நின்ற ஒருவர் அண்ணனை அடையாளம் கண்டுகொண்டார்.

"என்ன அண்ணாச்சி, உங்க மாப்பிள வீட்டுல எல்லாரும் விடியக்காலமே கோவிலுக்குப் போயாச்சே! நீங்க இங்கன என்ன செய்யுதிய?"

"எடுங்க பாய், எடுங்க" என்றார் அண்ணன்.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பியதும் முன்சக்கரத்துக்குக் கல் வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். கியரில் போட்டு ஷாப்டைச் சுற்றவிட்டு, ஒரு சாக்பீஸை மெதுவாக அதன் பக்கத்தில் கொண்டுபோனார் பாய். நிறுத்திப் பார்த்தால் குழாயைச் சுற்றி முழுக் கோடு விழவில்லை, ஒரு பக்கம் மட்டும் வெள்ளைக் கீறல். அந்தப் பக்கம் கனம் கூடுதல், சுற்றும்போது வெளியே தூக்குகிறது என்றார். அதற்கு எதிர்ப்பக்கத்தில் தண்ணீர்க் குழாய்க்கு மாட்டும் இரும்புக் கிளிப் இரண்டைச் சேர்த்து இறுக்கினார். மறுபடியும் சேத்தூர் ரோடு. ஆட்டம் பாதியாகக் குறைந்தது. கிளிப்புகளைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு ஓட்டம். இந்தத் தடவை அறுபதிலும் வண்டி ஆற்றில் விட்ட தோணி போலப் போனது. இரண்டு தடவையும் நானும் மதினியும் ஒர்க்‌ஷாப் வாசலில் உட்கார்ந்திருந்தோம். அவர்கள் கடைசியாகத் திரும்பி வந்தபோது உள்ளே இருந்த கடிகாரத்தில் ஒன்பதேகால்.

கிளிப் மாட்டிய இடத்தை பாய் ஸ்குரூடிரைவரால் சுரண்டினார். வெள்ளி பெயிண்ட் உதிர்ந்து, அடியில் வெல்டிங் வைத்த இரண்டு புள்ளிகள் தெரிந்தன.

"இங்கன ஒரு சின்னத் தகடு இருந்திருக்கு அண்ணாச்சி. ஷாப்ட்டு ஒரே சீராச் சுத்தணும்னு செய்யும்போதே ஒட்டி விடுறது. எவனோ அரத்த வச்சு ராவி எடுத்துருக்கான்."

அண்ணன் துள்ளி எழுந்து என் பக்கம் திரும்பினார். "பாத்தியாட்டி கமலா! நான் சொன்னேன்ல? அம்புட்டும் அவன் வேல!"

மதினி எட்டிப் பார்த்தாள். அவள் மனதில் எந்தக் கள்ளமும் இல்லை. "அய்ய, அதயா சொல்லுதிய? ஆயுத பூசைக்கு நீங்கதான ராவுனீய? என்னமோ துருப்பிடிச்ச இரும்பு ஒட்டிக்கிட்டு அசிங்கமா இருக்கு, சாமி கும்பிடுத வண்டியில இது என்னத்துக்குன்னு. நான்தான வெள்ளி பெயிண்ட்டு டப்பாவப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்?"

காதர் பாய் கையில் இருந்த கந்தலால் விரல்களைத் துடைக்க ஆரம்பித்தார். அண்ணன் குனிந்து அந்தப் புள்ளிகளைத் தொட்டுப் பார்த்தார். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, துரு தேய்த்து, சக்கரத்திலிருந்து அடித்தகடு வரை பெயிண்ட் அடிக்காத டிரைவர் எங்கள் பக்கத்தில் கிடையாது. அவரும் பக்தியோடுதான் செய்திருக்கிறார். யார் மேலும் கோபப்பட முடியாமல் அவர் நின்ற நிலை எனக்குப் பாவமாக இருந்தது, அதே சமயம் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

"கிளிப்பு நிக்கும். மதுரையில குடுத்து முறையா பேலன்ஸ் பாத்துக்கிடுங்க" என்று பாய் மெதுவாகச் சொன்னார். "இப்ப கெளம்புங்க அண்ணாச்சி. பிள்ள காத்துக்கிட்டு இருக்கும்."

முடங்கியாறு ரோட்டில் வண்டி துளி ஆடவில்லை. மாந்தோப்புகளில் பூ விட்டிருந்தது, ஜன்னல் வழியாக அந்த வாசனை வந்தது. ரசிக்கத்தான் யாருக்கும் மனசில்லை. வண்டி போகும் தூரம் வரை போய், தட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். அண்ணன் வாழைத்தாரைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் ஓடினார். கோவிலுக்கு முன்னால் குறுக்கே போகும் ஓடை அப்போது கணுக்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில், சந்தனம் பூசிய மொட்டைத் தலை ஒன்று மாப்பிள்ளையின் தோளில் சாய்ந்திருப்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. அண்ணனின் ஓட்டம் நடையாகிவிட்டது.

காதும் குத்தியாகிவிட்டது. இரண்டு காதிலும் மெல்லிய பொன்கம்பி. ஆசாரி தன் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வந்து அண்ணன் தோளிலிருந்த தாரை இறக்கி வாங்கினார்.

"வாங்க மச்சான். பந்தி போட்டுருக்கு, சாப்பிடலாம்."

அண்ணன் எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னார். அதை மட்டும் நான் மெச்சுவேன். "மாப்ள, வண்டியில உங்க மேல தப்பு ஒண்ணுமில்ல. நாந்தான் ஆயுத பூசைக்கு ராவிக் கெடுத்துருக்கேன். பொல்லாத பேச்செல்லாம் பேசிட்டேன். மனசுல வச்சுக்கிடாதீய."

"அதுக்கென்ன மச்சான். நானும் நம்ம குடுத்த வண்டியில என்னமும் இருந்திருக்குமோன்னு ராத்திரியெல்லாம் தூங்காமக் கெடந்தேன். சரியாயிட்டுதுல்ல? போதும்."

செல்வி மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். யார் மடியில் வைத்துக் குத்தினீர்கள் என்று நான் கேட்டேன். எங்கள் பங்காளி முறையில் ஒருவர் மடி கொடுக்க வந்தாராம், இவள் வேண்டாம் என்று சொல்லித் தானே வைத்துக்கொண்டாளாம். புடவையில் முடித் துணுக்குகள் ஒட்டியிருந்தன. அண்ணன் அவள் முன்னால் போய் நின்றார்.

"வண்டி சரியாயிட்டுது தாயி" என்றார்.

"ஆடிக்கிட்டே வந்திருக்கலாம்லண்ணே" என்றாள் செல்வி. "ஒம்பது மணிக்குள்ள வந்திருப்பிய."

அதற்குமேல் அவள் கோபிக்கவில்லை. இலை போட்டாள், பாயசம் ஊற்றினாள், குழந்தையை அவரிடம் கொடுத்தாள். காது வலியில் அது அவரிடம் நிற்காமல் அப்பாவிடம் தாவியது. வாங்கி வந்த கம்மலை, கம்பி எடுத்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று மதினி செல்வியின் கையில் கொடுத்தாள்.

சாயங்காலம் அண்ணன் என்னை ராஜபாளையத்தில் மதுரை பஸ்ஸுக்கு ஏற்றிவிட வந்தார். மதினி வண்டியிலேயே இருந்தாள். ஊர் திரும்பும் போதெல்லாம் வீட்டு ஞாபகம் வரும் எனக்கு. கும்பகோணத்தில் என் இரண்டு பிள்ளைகளுக்கும் காது குத்தியது இந்த அண்ணன் மடியில்தான், செல்வியின் பெரியவனுக்கும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் முந்தின நாளே வந்து, ஆசாரி ஊசியை எடுத்தால் குழந்தை அழுவதற்கு முந்தியே அவர் கண்ணை மூடிக்கொள்வார். நான் அதைச் சொல்லி அவரைக் கேலி செய்யாத விசேஷம் இல்லை. அன்றைக்குக் கேலி வரவில்லை.

பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, செல்விக்கு அடுத்தாப்பல ஒண்ணு பொறக்கட்டும். நான் ராத்திரியே போயி கோவில்ல படுத்துக்கிடுவேன், பாரு."

நான் தலையை ஆட்டினேன். இந்தக் குழந்தை பிறந்தபோதே ஆஸ்பத்திரியில் செல்வி குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டாள். அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனவர் அண்ணன்தான்.